சத்தியம் பண்ணாமல் கும்பிட்டு வந்தேன்

எங்கள் வீட்டிலிருந்து கோணேசர் கோயிலுக்கு ஓட்டோவில் பதினைந்து நிமிடம். இதையெல்லாம் யாத்திரை என்று எழுதினால் திருகோணமலை ஆட்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அந்தப் பதினைந்து நிமிடத்தைக் கடக்க எனக்கு நாலு வருடம் எடுத்தது.

போன போயா, பௌர்ணமி விடுமுறை அன்று நானும் மனுசியும் போனோம். போயா என்றால் முன்பு எனக்கு வேறு அர்த்தம். அன்றைக்கு நாடு முழுக்கச் சாராயக் கடைகள் பூட்டு, ஆகவே முதல்நாளே இரண்டு போத்தல் வாங்கி, ஒன்றை மனுசியின் கண்ணில் படுகிற மாதிரியும் மற்றதைக் கோழிக்கூட்டுக்குப் பின்னாலும் வைப்பேன். முதலாவதை அவ எடுத்து ஊற்றினால் இரண்டாவது தப்பும். அவ்வளவு மூளை அதுக்கு மட்டும் வேலை செய்தது.

கோட்டை வாசலில் இறங்கி நடந்தோம். போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டு கட்டத் தொடங்கிய கோட்டை இது. உள்ளே இப்போதும் இராணுவ முகாம் இருக்கிறது, மான்கள் தம்பாட்டில் மேய்கின்றன, ஒன்று மனுசியின் கைப்பையை மோந்து பார்த்தது. 1950இல் நகரில் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து பழைய விக்கிரகங்கள் வந்தன, 1963இல் கும்பாபிஷேகம் நடந்தது. அம்மா சிறுபிள்ளையாக அதைப் பார்த்தவ. புதைந்து கிடந்த சாமி திரும்பி வந்த கதையை எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறா, யாருக்காகச் சொல்கிறா என்று எனக்கு விளங்கும், விளங்காத மாதிரி எழும்பிப் போய்விடுவேன்.

இந்தச் சந்நிதியில் இனிக் குடிக்கமாட்டேன் என்று மூன்று தரம் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணியவன் நான். முதலாவது பதினொரு நாள் நின்றது. இரண்டாவது ஒரு கலியாண வீட்டோடு சரி. மூன்றாவதைத்தான் உண்மையிலேயே முழுமனதோடு பண்ணினேன், அன்றைக்கே ஒரு சொட்டும் தொடாமல் நிறுத்தினேன். மறுநாள் கை நடுக்கம், வியர்வை, சத்தி. இரண்டாம் நாள் இரவு வலிப்பு வந்து குசினி வாசலில் விழுந்தேன். சொந்தக்காரர் கூடிவிட்டார்கள். முந்தின இரண்டு சத்தியத்தையும் முறித்ததற்குக் கோணேசர் காட்டுகிறார் என்று ஒரு பெரியம்மா சொல்ல, எல்லாரும் தலையாட்டினார்கள், நானும் நம்பினேன். கொஞ்சம் குடித்தால் நடுக்கம் நிற்கும் என்று யாரோ ஊற்றித் தந்தார்கள். நின்றது. அதுதான் பயங்கரம். அதற்குப் பிறகு மலைப்பக்கமே தலை காட்டவில்லை. சம்பந்தர் இராமேசுவரத்தில் நின்றபடியே இந்தக் கோணமாமலையைப் பாடினார் என்பார்கள், நானும் நாலு வருடம் கடற்கரையில் நின்று மலையைப் பார்த்துவிட்டுத் திரும்பியவன்தான், பாட்டில்லாமல்.

பதினாலு மாதத்துக்கு முன்பு தம்பி பிடித்த பிடியாக ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனான். அங்கேதான் ஒரு டொக்டர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து விளங்கப்படுத்தினார். வருடக்கணக்காக நாள் தவறாமல் குடிக்கிறவனுடைய மூளை, சாராயம் தன்னை அமுக்கி வைத்திருப்பதற்கே பழகிவிடுமாம். திடீரென்று நிறுத்தினால் அந்த அமுக்கம் விட்டுப்போய் மூளை கட்டுக்கடங்காமல் துள்ளும். நடுக்கமும் வியர்வையும் அதனால்தான், முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், பிறகு சிலருக்கு இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள், கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். அப்படிக் குடிக்கிற ஆள் வீட்டில் தன்பாட்டில் நிறுத்தக்கூடாது என்றார். வார்டில் வைத்து, நாளுக்கு நாள் குறைத்துக் குறைத்து மாத்திரை தந்தார்கள், விற்றமின் பி1 ஏற்றினார்கள். வலிப்பு வரவில்லை. அப்போ அன்றைக்கு வந்தது சாமிக் குற்றம் இல்லையா டொக்டர் என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, இல்லை அண்ணை என்றார். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அழுதேன்.

மாத்திரை முடிந்த பிறகுதான் உண்மையான வேலை. பின்னேரம் ஐந்திலிருந்து ஏழு மணி வரைக்கும் என்னை என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. கிளினிக்குக்குப் போவேன், பிளேன்ரீ குடிப்பேன், மனுசியோடு சண்டை பிடிப்பேன்.

சரி, கோயிலுக்கு வருவோம். சேட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போகும்போது மனுசி காதுக்குள் சொன்னா, "சத்தியம் கித்தியம் ஒண்டும் வேண்டாம், சும்மா கும்பிடுங்கோ." சும்மா கும்பிட்டேன். பேரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை, பிறகு மாதுமை அம்பாள் சந்நிதி. ஐயர் தீர்த்தம் தந்தபோது மனுசி அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தா. முன்பெல்லாம் பாதித் தீர்த்தம் நிலத்தில்தான் போகும்.

வெளியே வந்து இராவணன் வெட்டில் நின்றோம். கீழே கடல் கிடுகிடு பள்ளம், காற்று ஆளைத் தூக்குகிறது. தாய்க்காக இராவணன் மலையை வெட்டினான், அதற்குள் தாய் செத்துப்போனா, அவவின் கடனைச் செய்யத்தான் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகளையும் உண்டாக்கினான் என்று கதை. அந்தக் கன்னியாவில்தான் அப்பாவின் அந்தியேட்டி நடந்தது. மூத்த மகன் நான் வான் வண்டிக்குள் வெறியில் கிடக்க, தம்பி எல்லாம் செய்தான். அதை இன்றுவரைக்கும் அவன் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மனுசியிடம் அதைச் சொல்லத் தொடங்கினேன், முடிக்க வரவில்லை, அவ கச்சான் சரையை நீட்டினா.

திரும்பி வரும்போது ஓட்டோக்காரர் வழக்கமான றோட்டுக்குத் திருப்பப் பார்த்தார். அந்த றோட்டில் நான் முன்பு போகிற பார் இருக்கிறது. போயா, பூட்டித்தான் கிடக்கும். இருந்தாலும் மற்றப் பக்கத்தால் சுற்றிப் போகச் சொன்னேன், கூடக் காசு கேட்டார், கொடுத்தேன்.