சிறுகுறிஞ்சானும் என் குடலும்

பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்த காலத்தில், ஜவ்வாது மலையிலிருந்து தேனும் சாமையும் கொண்டுவரும் அம்மாவிடம் சிறுகுறிஞ்சான் இலை கேட்டு வாங்குவேன். மாணவர்களை அதை மென்று துப்பச் சொல்லிவிட்டு ஆளுக்கொரு சிட்டிகை சர்க்கரை கொடுப்பேன். "மணல் மாதிரி இருக்கிறது சார்!" என்று வகுப்பே அலறும். இலையிலுள்ள ஜிம்னீமிக் அமிலம் நாக்கில் இனிப்பை உணரும் புரதத்தைச் சற்று நேரம் மறித்துவிடுகிறது.

அதே புரதம் சிறுகுடலின் உள்சுவரிலும் இருக்கிறது. டி1ஆர்2, டி1ஆர்3 என்று இரண்டு சேர்ந்த ஜோடி அது. ஓய்வுபெற்று, காட்பாடியில் நீரிழிவு மாத்திரை டப்பாவோடு உட்கார்ந்த பிறகுதான் இதைத் தேடிப் படித்தேன். குடல் ருசி பார்த்து நமக்கு எதுவும் சொல்வதில்லை; கணையத்துக்குச் சொல்லி அனுப்புகிறது. குளுக்கோஸ் வந்ததும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் சுரக்கிறது, அது இன்சுலினைத் தூண்டுகிறது. நரம்பில் ஏற்றும் குளுக்கோஸைவிட வாயால் குடிக்கும் குளுக்கோஸுக்கு அதிக இன்சுலின் சுரப்பதற்கு இத்தகைய குடல் ஹார்மோன்களே காரணம்.

என்னை உலுக்கியது 2013-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு. இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கும்போது குடலுக்குள் குளுக்கோஸ் செலுத்தினார்கள். நலமாக உள்ளவர்களின் குடலில் டி1ஆர்2-க்கான மரபணுச் செயல்பாடு குறைந்தது. 'போதும், வரவைக் குறை' என்பதுபோல. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களிடமோ அது கூடியது. குளுக்கோஸ் உறிஞ்சப்படுவதும் அதிகமாக இருந்தது. ஏற்கெனவே நிரம்பியிருக்கும் வீட்டுக்கு இன்னும் விருந்தாளிகளை அழைக்கிறது எங்கள் குடல்!

இதைச் சொன்னதும் மைத்துனர், "அப்படியானால் செயற்கை இனிப்பு போட்டுக் குடலை ஏமாற்றிவிடலாமே மாமா" என்றார். ஆற்காடு மக்கன் பேடாவையும் அப்படிச் செய்து விற்றால் முதல் ஆளாக நிற்பார். நலமானவர்களின் குடலுக்குள் சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பை நேரடியாகச் செலுத்திப் பார்த்த சோதனையில் ஜிஎல்பி-1 உயரவே இல்லை. குடல் அவ்வளவு எளிதில் ஏமாறுவதில்லை. சிறுகுறிஞ்சான் இலைப்பொடியும் அப்படித்தான்: நாக்கை மறித்ததை நான் கண்ணால் பார்த்தேன், அதற்காகக் குடலிலும் அதே வேலையைச் செய்யும் என்று பொடி விற்பவர் சொன்னால் நம்ப மாட்டேன்.

நான் மாற்றியது சாப்பிடும் வரிசையை மட்டும். காயும் பருப்பும் முதலில், சோறு கடைசியில். அப்போது உணவுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் தணிகிறது. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க் கூட்டு இருக்கும் நாளில் இதில் சிரமமே இல்லை. மனைவிக்குத்தான் கோபம்: "கூட்டை எல்லாம் முதலிலேயே காலி செய்துவிட்டால் சோற்றுக்கு எதைத் தொட்டுக்கொள்வீர்கள்?"