கொட்டியது யார்?

நேற்றுக் காலை அடுப்படியில் பால் கொட்டிவிட்டது. பாருங்கள், கொட்டியது நான்தான், ஆனாலும் 'கொட்டிவிட்டது' என்றுதான் எழுத வருகிறது. 'உடைந்தது' என்றால் ஆள் தப்பிக்கலாம், 'உடைத்தது' என்றால் மாட்டிக்கொள்வோம். கவிழ்ந்தது, கவிழ்த்தது எல்லாம் அதே கதைதான். கொட்டுக்கு இந்தக் கணக்கு கிடையாது. பூனை பாலைக் கொட்டினாலும் கொட்டியது, பால் தானாகக் கொட்டினாலும் கொட்டியது. அம்மாவிடம் இதெல்லாம் எடுபடாது. "தானா கொட்டிகிச்சா, நீ கொட்டுனியா?"

கிருஷ்ணகிரிப் பக்கம் இந்தச் சொல்லோடு கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். சின்ன வயதில் பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பையன் அழுதுகொண்டே வந்து அவன் அண்ணன் 'கொட்டினாடு' என்றான், எதைக் கொட்டினான் என்று நான் தரையைப் பார்த்தேன். அவர்களுக்குக் கொட்டு என்றால் அடி. நமக்கும் அந்த அடி இருக்கத்தான் செய்கிறது, மேளம் கொட்டுகிறோம், தேள் கொட்டுகிறது. கன்னடத்தில் கொட்டு என்றால் கொடுத்து! ஓசூர்ச் சந்தையில் மூன்றும் ஒரே காதில் விழும்.

மழை, அருவி, தலைமுடி எல்லாம் கொட்டும் (கடைசியதைப் பற்றிப் பேச விருப்பமில்லை). கோபத்தில் "கொட்டிக்கோ" என்றால் சாப்பிடு என்று அர்த்தம். ஊற்றுவதற்கு ஓர் அளவு உண்டு, கொட்டுவதற்கு அது கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்திருந்தேன்.

தக்காளி விலை விழுந்த ஒரு வருடம் சித்தப்பா ராயக்கோட்டை மண்டிக்குக் கொண்டுபோன பெட்டிகளோடு அப்படியே திரும்பினார், பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும்கூடக் கட்டாத விலை. ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி ஒவ்வொரு பெட்டியாகத் தலைகீழாகப் பிடித்தார். அடியில் நசுங்கின பழம் ஒட்டிக்கொண்டு விழவில்லை, உள்ளங்கையால் தட்டித் தட்டி எடுத்தார், பெட்டி இரவல் வாங்கியது, சுத்தமாகத் திருப்பித் தர வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் சித்தி என்ன ஆச்சு என்று கேட்டார். "கொட்டியாச்சு."

கொட்டினேன் என்றுகூடச் சொல்லவில்லை, அந்தச் சொல்லில் ஆளே இல்லை. அப்புறம் சாப்பிட உட்கார்ந்தவர், மண்டி, கமிஷன், மருந்துக்கடைக் கடன், போன வருடத்து விலை என்று மனதில் கிடந்ததையெல்லாம் ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தார். சித்தி குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை, சோறு காயக் காய ரசம் மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தார்.