பங்குனிக் காத்தும் வாழை முட்டும்

பங்குனி பிறந்து வெயில் ஏறும்போது கடலோரத்துக்காரர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. தரை சூடேறிய கொஞ்ச நேரத்தில் கடல்காற்று உள்ளே வந்துவிடும். கோவை, ஈரோட்டுப் பக்கம் நமக்குக் கடல் இல்லை. ஆனால் கடல்காற்றில் பங்கு உண்டு. பொன்னானிப் பக்கம் பகலில் கரையேறும் காற்று, நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்தில் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து, நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்து, சாயங்காலம் கோயம்புத்தூருக்கு வருகிறது. மார்கழி, தையில் இதே கணவாயில் காற்று தலைகீழாக, நம் பக்கமிருந்து பாலக்காட்டுக்கு ஓடும். பங்குனியில்தான் திசை மாறும்.

மாலையில் வரும் அந்த மேல்காற்றுக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது, உடம்புக்குச் சுகம். வம்பு அதன் ஈரத்தில்தான் இருக்கிறது. காய்ந்து கொதிக்கும் உள்நாட்டுக் காற்றோடு அது முட்டும் இடத்திலும் மலையோரத்திலும் மேகம் கோபுரம் கோபுரமாக எழும்பும். அதிலிருந்து விழும் மழை, கீழேயுள்ள வறண்ட காற்றில் பாதி வழியிலேயே ஆவியாகும். ஆவியாகும்போது காற்று குளிர்ந்து கனத்துப் பொத்தென்று கீழே விழுந்து, தரையில் மோதி நாலா பக்கமும் சிதறும். மழைக்கு முன்னால் புழுதியை வாரிக்கொண்டு வரும் சில்லென்ற காற்று இதுதான். கோபி, சத்தி, பவானி, மேட்டுப்பாளையம் வட்டாரத்தில் சித்திரை தோறும் வாழையைச் சாய்ப்பதும் இதுதான்.

இதையும் ஆடிக்காற்றையும் ஒன்றாக நினைப்பதில்தான் பல தோட்டங்கள் ஏமாறுகின்றன. ஆடிக்காற்று மேற்கேயிருந்து நாள் முழுக்க ஒரே சீராக அடிக்கும். கோடை இடிமழைக் காற்று பத்து இருபது நிமிடம்தான், ஆனால் எந்தத் திசையிலிருந்தும் வரும், நடுவில் திசையும் மாறும். மேகம் தோட்டத்துக்குக் கிழக்கே உடைந்தால் கீழ்காற்று, வடக்கே உடைந்தால் வாடைக்காற்று. அதனால் ஒரு பக்கம் மட்டும் முட்டுக் கொடுத்த வாழைக்கு இதில் பாதுகாப்பு பாதிதான். காற்றின் வேகம் இரட்டித்தால் அது தள்ளும் விசை நான்கு மடங்கு. மணிக்கு 25 கிலோமீட்டர் காற்றில் ஆடிக்கொண்டு நின்ற மரம் 50-ல் ஏன் நிற்கவில்லை என்று கேட்பதில் அர்த்தமில்லை.

நேந்திரன் வாழைக்கு இது சரியாகக் கெட்ட நேரத்தில் வருகிறது. ஓணத்துக்குத் தார் வெட்ட வேண்டும் என்று புரட்டாசி, ஐப்பசியில் நட்ட கன்று, சித்திரையில் ஏழு மாதத்தை ஒட்டித் தார் தள்ளும். உச்சியில் எடை ஏறுகிறது, தண்டுக்குள் பூந்தண்டு ஏறுகிறது, இலையும் அப்போதுதான் அதிகம். பாய்மரம் விரித்த மாதிரி நிற்கிற நேரம்.

முட்டுக்கு ஏற்ற வேளை, தார் வெளியே வந்த பிறகு அல்ல. பூ வருவதற்கு முன் குட்டையாக ஓர் இலை விடுமே, அதைக் கண்டதும் கம்பு தோட்டத்துக்கு வந்துவிட வேண்டும். சவுக்கு, மூங்கில், தைலமரம் எதுவானாலும், தார் திரும்பும் கழுத்தின் உயரத்தைவிட இரண்டடி நீளம் கூட இருக்கட்டும். இரண்டு கம்பை நுனிக்கு ஓரடி கீழே சேர்த்துக் கட்டிக் கத்தரி போல விரித்து, அந்தக் கவையில் கழுத்தை உட்கார வைக்க வேண்டும். கால்கள் இரண்டும் மூன்று நான்கடி அகன்று, மரம் சாயும் பக்கத்தில் சரிவாக ஊன்றி நிற்க வேண்டும். அடியைக் கூராகச் சீவி முக்கால் அடியாவது மண்ணில் இறக்காவிட்டால் ஈர மண்ணில் கம்பே வழுக்கும். கவைக்கும் மரத்துக்கும் நடுவே காய்ந்த வாழைப்பட்டையை மடித்து வையுங்கள். அதிகம் நடக்கும் தப்பு, கவை தார்க்காம்பின் மேல் பட்டுவிடுவது. காற்றில் உரசி உரசிக் காம்பு அறுபட்டால் மரம் நிற்கும், தார் தரையில் கிடக்கும்.

கத்தரி முட்டு தாங்குவது சாயும் பக்கத்தை மட்டும். எதிர்ப்பக்கத்துக்குக் கயிறு வேண்டும். கழுத்திலிருந்து பக்கத்து மரத்தின் *அடிக்கு* இழுத்துக் கட்ட வேண்டும், பக்கத்து மரத்தின் கழுத்துக்கு அல்ல. கழுத்துக்குக் கழுத்து கட்டின தோப்பில் ஒன்று விழுந்தால் வரிசையே விழும். கட்டாமலே விட்டிருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும். மெல்லிய நைலான் கயிறு தண்டை அறுத்து இறங்கும், பட்டையான பிளாஸ்டிக் நாடாதான் சரி. சுருக்கு முடிச்சும் போடக்கூடாது.

ஆறடிக்கு ஆறடி நட்டால் ஏக்கருக்கு 1,210 மரம். எட்டடி கழுத்திலிருந்து ஆறடி தள்ளியிருக்கும் பக்கத்து மரத்தின் அடிக்கு நேர்க்கோட்டில் பத்தடி, இரண்டு முனை முடிச்சையும் சேர்த்தால் பதினைந்தடி. மரத்துக்கு இரண்டு இழுப்பு என்றால் முப்பதடி, ஏக்கருக்கு ஏறக்குறைய 11 கிலோமீட்டர் நாடா. கம்பு 2,420. செலவைப் பார்த்து, ஓரத்து நான்கு வரிசைக்கு மட்டும் இரண்டும் செய்துவிட்டு உள்ளே கயிறு மட்டும் கட்டுபவர்கள் உண்டு. கையில் காசு குறைவென்றால் அது நியாயமான கணக்குதான், ஓரத்து வரிசைதான் முதல் அடியை வாங்குகிறது.

விழுந்த மரத்தைப் பார்த்தாலே காரணம் பாதி தெரியும். நடுத்தண்டில் முறிந்திருந்தால் முறிந்த இடத்தைப் பிளந்து பாருங்கள். பழுப்புச் சுரங்கமும் அழுகல் நாற்றமும் இருந்தால் தண்டுக் கூன்வண்டு. சுரங்கம் இல்லாமல் தண்டு கொழகொழவென்று நீர்கோத்திருந்தால் யூரியா ஏறி, பொட்டாஷ் குறைந்திருக்கலாம். தோட்டக்கால் நேந்திரனுக்கு வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை மரத்துக்குத் தழைச்சத்து 150 கிராம், மணிச்சத்து 90, சாம்பல்சத்து 300. உர மூட்டைக் கணக்கில் யூரியா சுமார் 325 கிராம், பொட்டாஷ் அரைக் கிலோ. மணிச்சத்தை மூன்றாம் மாதம் கொடுத்துவிட்டு, மற்ற இரண்டையும் 3, 5, 7-ஆம் மாதங்களில் பிரித்துப் போட வேண்டும். நம் ஊரில் யூரியா தாராளமாக விழும். பொட்டாஷ் விலையைப் பார்த்துப் பாதியாகிவிடும்.

வேரோடு சாய்ந்திருந்தால் வேறு கதை. வாழை வேர் பெரும்பாலும் மேல் ஓரடி மண்ணில்தான் இருக்கிறது. ஒன்றரையடிக் குழி எடுக்காமல் மேலாக நட்டது, மண் அணைக்காதது, கிழங்குக் கூன்வண்டு, நூற்புழு, இவற்றில் ஏதோ ஒன்று. மறுதாம்பில், அதாவது வெட்டிய மரத்தின் பக்கக்கன்றை வளர்த்து எடுக்கும் அடுத்த பயிரில், கிழங்கு வருடத்துக்கு வருடம் மேலே ஏறி வருவதால் அதற்கு மண் அணைப்பு இன்னும் முக்கியம்.

தண்ணீரும் சேர்ந்து கெடுக்கும். வெயிலும் காற்றும் சேர்ந்தால் மரம் நிறையக் குடிக்கும். சொட்டுநீரில் ஐந்தாம் மாதத்திலிருந்து தார் தள்ளும் வரை மரத்துக்கு நாளொன்றுக்கு 20 லிட்டர், அதன் பிறகு 25. காலையிலேயே விட்டு முடித்துவிடுங்கள். வாய்க்கால் பாசனக்காரர்கள் தண்ணீர் முறை வந்துவிட்டது என்று மேகம் கட்டிய பிற்பகலில் பாய்ச்சினால், குழைந்த மண்ணில் வேருக்குப் பிடிப்பு இருக்காது. தடப்பள்ளி, காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் முறையை மாற்றுவது கையில் இல்லைதான். வடிகாலையாவது திறந்து வைக்கலாம்.

இலை கிழிவதற்குப் பயப்பட வேண்டாம். நரம்போடு நரம்பாகக் கிழிந்துகொடுத்துக் காற்றை விடுவது வாழையின் சாமர்த்தியம். தார் தள்ளும்போது எட்டு நல்ல இலை இருந்தால் காய் பிடித்துவிடும். கிழிந்த இலையை அழகுக்காக வெட்டுவதுதான் நஷ்டம்.

ஓரத்தில் சவுக்கு வைப்பது நீண்டகாலத் தீர்வு. கோவையிலுள்ள வன மரபியல் நிறுவனம் காற்றுத் தடுப்புக்கென்றே சவுக்கு ரகங்களைத் தேர்ந்து கொடுத்திருக்கிறது. வேலி நெருக்கமான சுவராக இருக்கக் கூடாது, பாதிக் காற்று ஊடே போகட்டும். முழுக்க அடைத்தால் காற்று மேலே ஏறித் தாண்டி, அந்தப் பக்கம் சுழன்று விழும். சரியாக வைத்தால் மரத்தின் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரத்துக்குப் பலன் தெரியும்.

பிற்பகலில் காற்றே அசையாமல் புழுங்கி, மலைப்பக்கம் மேகம் தலைவிரித்தால், வானிலைத் துறையின் மூன்று மணி நேர அறிவிப்பைப் பாருங்கள். மின்னலுக்குத் தாமினி செயலி உதவும். அந்த நேரத்தில் தோப்புக்குள் நின்று கயிறு இறுக்க வேண்டாம். மரம் போனால் அடுத்த நடவு இருக்கிறது.

விழுந்துவிட்டால் முதலில் கத்தி அல்ல, கேமரா. வெட்டி ஒதுக்குவதற்கு முன்பே கிராம நிர்வாக அலுவலரும் தோட்டக்கலை அலுவலரும் பார்த்துக் கணக்கெடுக்க வேண்டும். அரசு நிவாரணத்துக்குச் சேதம் 33 சதவீதமாவது இருக்க வேண்டும், கிராமப் பயிர்ப் பதிவேடான அடங்கலில் வாழை என்று ஏறியிருக்கவும் வேண்டும். பயிர்க் காப்பீடு எடுத்திருந்தால், தனித் தோட்டச் சேதத்துக்கு அதில் ஆலங்கட்டி, வெள்ளத் தேக்கம் எல்லாம் உண்டு. வெறும் காற்றுக்கு என்ன என்பதைச் சேரும்போதே கேட்டுவிடுங்கள். ஆலங்கட்டி விழுந்திருந்தால் 72 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும்.

முக்கால் விளைச்சல் கண்ட தாரை ஓரிரு நாளில் இறக்கினால் சிப்ஸுக்குப் போகும். ஒரு பக்க வேர் அறுபடாமல் சாய்ந்த மரத்தை மறுநாளுக்குள் நிமிர்த்தி, மண் அணைத்து, முட்டுக் கொடுத்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு. மற்றதை அடியோடு வெட்டி இலை ஒடுங்கி ஈட்டி போல நிற்கும் பக்கக்கன்றில் (ஈட்டிக்கன்று) ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள். முறிந்த தண்டைத் தோட்டத்தில் குவித்துப் போட்டால் வாசனைக்குக் கூன்வண்டு கூடும். அதையே ஓரடித் துண்டாக்கி, நீளவாக்கில் பிளந்து, வெட்டுப்பக்கம் தரையில் படும்படி ஏக்கருக்கு நாற்பது இடத்தில் வையுங்கள். காலையில் புரட்டினால் வண்டு அடியில் ஒட்டியிருக்கும், பொறுக்கி மண்ணெண்ணெயில் போடலாம்.