ட்ரையம்ப் 650 ட்வின்: கார்புரேட்டரைத் தொடும் முன்

1963-இல் இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் வந்த பிறகான ட்ரையம்ப் 650 என்ற பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் பற்றிய குறிப்பு இது; போனவில் டி120, டிஆர்6 இரண்டுக்கும் பொருந்தும். சிலிண்டர் விட்டம் (போர்) 71 மி.மீ., பிஸ்டன் ஓடும் தூரம் (ஸ்ட்ரோக்) 82 மி.மீ., 649 சிசி. இரண்டு பிஸ்டனும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். எரிவது மட்டும் ஒரு சுற்றுக்கு ஒன்றாக மாறி மாறி நடக்கும்.

ஐடிலில், அதாவது திராட்டிலைத் திருப்பாத மெதுவேகத்தில், இன்ஜின் நிலைக்கவில்லை, திராட்டில் திருப்பினால் திக்குகிறது என்றதும் ஸ்க்ரூடிரைவர் நேராகக் கார்புரேட்டருக்குப் போய்விடுகிறது. அது கடைசியாகப் போக வேண்டிய இடம். ஆயில், டேப்பெட் (வால்வ் இடைவெளி), இக்னிஷன் (ஸ்பார்க் ஏற்பாடு), அதற்குப் பிறகுதான் கார்புரேட்டர். டேப்பெட் தப்பாக இருந்தால் கார்புரேட்டரில் ஐடில் கலவையைச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூவை எங்கே வைத்தாலும் பிடிபடாது. டைமிங் (ஸ்பார்க் வரும் நேரம்) பின்தங்கியிருந்தால் ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைப் பார்த்து ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் துளை) மாற்றுவது கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுகிற வேலை.

முதலில் ஆயில். இது ட்ரை சம்ப் அமைப்பு: ஆயில் தனி டேங்கில் இருக்கும், பம்ப் அதை இன்ஜினுக்குத் தள்ளி, கீழே வடிந்ததை உறிஞ்சி டேங்குக்கே திருப்பும். டேங்க் மேலே, பம்ப் கீழே. வண்டி நிற்கும்போது ஆயில் கீழே இறங்காமல் தடுப்பது பம்ப்புக்குள் இருக்கும் ஒரு சின்ன குண்டும் ஸ்பிரிங்கும்தான். குண்டு உட்காரும் இடத்தில் பிசிறு ஒட்டினால் சில வாரங்களில் டேங்க் ஆயில் இன்ஜினின் அடிக்கூடான கிராங்க் கேஸுக்குள் போய்ச் சேர்ந்துவிடும். டேங்கில் குறைந்திருக்கிறதே என்று மேலே ஊற்றிவிட்டுக் கிளப்பினால் ப்ரீதர் (இன்ஜினின் காற்றுப்போக்கி) வழியே ஆயில் பீய்ச்சும், சைலென்சரில் வெண்புகை வரும், பலவீனமான சீல் எதுவோ அது கசியும்.

நெடுநாள் நின்ற வண்டியென்றால் அடியில் உள்ள சம்ப் பிளக்கைக் கழற்றுங்கள். கொஞ்சம் வடிவது இயல்பு. அரை லிட்டர் வந்தால் குண்டு வால்வ் பிடிக்கவில்லை. பிளக்கோடு வரும் கம்பி வலையையும் பார்த்துவிடுங்கள். அதில் அலுமினியத் துகள் இருந்தால் அன்றைக்கு வண்டியைக் கிளப்பவே வேண்டாம்.

கிளப்பியதும் டேங்க் மூடியைத் திறந்து திரும்பும் குழாயைப் பாருங்கள். முதலில் ஆயில் தொடர்ச்சியாக விழும், பிறகு காற்றோடு கலந்து துப்பித் துப்பி விழும். அந்தத் துப்பல் நல்ல அறிகுறி: பம்ப்பில் ஆயிலைத் திருப்பும் பிளஞ்சர் (தண்டு) தள்ளும் பிளஞ்சரை விடப் பெரியது, கீழே ஆயில் தீர்ந்ததும் காற்றையும் சேர்த்து இழுக்கிறது. ஒரு நிமிடமாகியும் எதுவும் வரவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள்.

பம்ப்பைக் கழற்ற டைமிங் கவர் வெளியே வர வேண்டும், அதற்கு, ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடும் பாயிண்ட்டுகள் இருக்கும் பிளேட்டும் வர வேண்டும். பிளேட்டைத் தளர்த்தும் முன் இருந்த இடத்தைக் கீறி அடையாளம் வையுங்கள். பம்ப் அடியிலுள்ள இரண்டு பிளக்குகளைக் கழற்றினால் ஸ்பிரிங்கும் குண்டும் கையில் வரும். பெட்ரோலில் கழுவி, குண்டை அதன் இடத்தில் வைத்து, மெல்லிய பன்ச்சால் ஒரே ஒரு தட்டு தட்டினால் சீட் புதிதாகப் படியும். பிறகு துளைகளில் ஆயில் நிரப்பி ஒரு பிளஞ்சரை அழுத்திவிட்டுச் சற்றே பின்னுக்கு இழுத்துப் பாருங்கள். துளையில் நிற்கும் ஆயில் மட்டம் இறங்காமல் இருக்க வேண்டும். பம்ப் கேஸ்கெட்டுக்கு கம் தடவும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பிதுங்கிய கம் ஆயில் துளையை அடைத்து இன்ஜினைக் கொன்றுவிடும்.

டைமிங் கவர் கையில் இருக்கும்போதே கிராங்க் முனையைப் பிடிக்கும் சின்ன ஆயில் சீலை மாற்றிவிடுங்கள். பிக் எண்டுக்கு (கனெக்டிங் ராடின் கீழ்ப் பேரிங்குக்கு) ஆயில் போவது அதன் வழியேதான். அது கிழிந்திருந்தால் சூடானதும் பிரஷர் சரியும். பம்ப்பையும் பேரிங்கையும் சந்தேகப்படும் முன் அதைப் பார்க்க வேண்டும். சூடான இன்ஜினில் ஓடும் வேகத்தில் 65 முதல் 80 பிஎஸ்ஐ, ஐடிலில் 20 முதல் 25 இருந்தால் கவலையில்லை.

ஆயில் கீழே இறங்காமலிருக்க ஆயில் லைனில் டேப் (மூடித் திறக்கும் வால்வ்) பொருத்துவதைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். டேப் மூடியிருந்தால் இக்னிஷன் வேலை செய்யாதபடி சுவிட்ச் சேர்ந்திருந்தால் சரி. இல்லாவிட்டால் வேண்டாம். ஒருநாள் திறக்க மறந்தால் போதும்.

அடுத்து டேப்பெட்; இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். இன்லெட் 0.002 அங்குலம், எக்ஸாஸ்ட் 0.004 அங்குலம், அதாவது 0.05, 0.10 மி.மீ. ஸ்பார்க் பிளக் இரண்டையும் கழற்றி, டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தால் இன்ஜினைச் சுற்றுங்கள். ஒரு பக்க இன்லெட் வால்வ் முழுதாகத் திறந்து நிற்கும்போது மறுபக்க இன்லெட்டின் இடைவெளியை வையுங்கள்; எக்ஸாஸ்டுக்கும் இதே முறை. அந்தச் சின்ன மூடித் துளை வழியே இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் நுழைப்பது சிரமம். அதற்குப் பதில் சுற்றைக் கணக்கிடலாம்: அட்ஜஸ்டர் மரை அங்குலத்துக்கு 26, எனவே ஒரு முழுச் சுற்று 0.038 அங்குலம். இடைவெளி பூஜ்யமாகும் வரை இறுக்கி, எக்ஸாஸ்டுக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு சுற்று, இன்லெட்டுக்கு அதில் பாதி பின்னால் விடுங்கள். லாக் நட்டை இறுக்கும்போது அட்ஜஸ்டரும் கொஞ்சம் நகரும், இறுக்கிய பின் மறுபடி பார்த்தே ஆக வேண்டும். இறுக்கமாகப் போன எக்ஸாஸ்ட் சத்தமே போடாமல் வால்வைக் கருக்கும். டிக் டிக் என்று கேட்கிற டேப்பெட்டை விட அதற்குத்தான் பயப்பட வேண்டும்.

மெட்ரிக் ஸ்பேனர் இந்த நட்டுகளில் பெரும்பாலும் பொருந்தாது. சுமாராகப் பொருந்துவதுதான் முனையை உருட்டிவிடும். விட்வொர்த் ஸ்பேனரில் உள்ள எண் போல்ட்டின் தடிமனைக் குறிப்பது, நட்டின் அகலத்தை அல்ல என்பதும் நினைவிருக்கட்டும்.

இக்னிஷனில் முதலில் பாயிண்ட் இடைவெளி, பிறகு டைமிங். வரிசை மாறக்கூடாது, ஏனென்றால் இடைவெளி கூடினால் பாயிண்ட் முன்னதாகத் திறந்து டைமிங்கும் முன்னே போகும். பாயிண்ட்டின் காலடி தேயத் தேய இடைவெளி சுருங்கி டைமிங் பின்தங்கும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி மெல்ல மெல்லச் சோம்பலாவது பெரும்பாலும் இதனால்தான். இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம். டைமிங், முழு அட்வான்ஸில் (ஸ்பார்க் அதிகபட்சம் முன்னே வரும்போது), பிஸ்டன் உச்சிக்கு வரும் முன் 38 டிகிரி.

ஸ்பார்க்கோடு சேர்ந்து மின்னும் ஸ்ட்ரோப் விளக்கு வைத்து, சுமார் 3000 ஆர்பிஎம்மில், இரண்டு சிலிண்டரையும் தனித்தனியே பாருங்கள். ஒன்றைப் பார்த்து மற்றதும் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினால் வண்டி நடுங்கும். 1968-இல் வந்த லூகாஸ் 6சிஏ பிளேட்டில் ஒவ்வொரு பாயிண்ட்டையும் தனியாக நகர்த்தலாம். அதற்கு முந்தைய 4சிஏ-வில் முடியாது. முதல் சிலிண்டரைப் பிளேட்டால் வைத்து, இரண்டாவதை இடைவெளியைச் சற்றே கூட்டிக் குறைத்துத்தான் ஒத்துக்கொள்ள வைக்க வேண்டும்.

பாயிண்ட்டுக்குப் பின்னால் இருந்து, வேகம் கூடும்போது ஸ்பார்க்கை முன்னே நகர்த்தும் ஆட்டோ அட்வான்ஸ் கருவி பலர் கண்ணில் படாமலே இருக்கிறது. ஸ்பிரிங் தளர்ந்தால் ஐடிலிலேயே அட்வான்ஸ் ஏறும்; திராட்டிலை விட்ட பிறகும் இன்ஜின் இறங்க மறுக்கும். முன்னே சிக்கிக்கொண்டால் கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும். பின்னே சிக்கினால் சூடு ஏறும், எக்ஸாஸ்ட் பைப் நீலமாகும். ஒரு சொட்டு ஆயிலும் நல்ல ஸ்பிரிங்கும் போதும். பாயிண்ட் அறைக்குள் ஆயில் தேங்கியிருந்தால் எக்ஸாஸ்ட் கேம்ஷாஃப்ட் முனையின் சீல் போய்விட்டது.

சூடானதும் ஒரு சிலிண்டர் மட்டும் விட்டு விட்டு அடித்தால் இரண்டு கண்டென்சர்களையும் இடம் மாற்றுங்கள். கோளாறு மறுபக்கம் தாவினால் வேறெதையும் தேட வேண்டாம்.

இவ்வளவும் சரியான பிறகுதான் அமல் கார்புரேட்டர். அமலின் கான்சென்ட்ரிக் வகையில் ஐடில் கோளாறுக்குப் பெரும்பாலும் காரணம் ஐடிலுக்குப் பெட்ரோல் விடும், உள்ளே அழுத்திப் பொருத்திய பைலட் புஷ். நின்ற பெட்ரோல் காய்ந்து அதை அடைக்கும். ஏர் ஸ்க்ரூவைக் கழற்றி ஸ்ப்ரே அடிப்பது போதாது, 0.016 அங்குல டிரில் முனையை விரலால் மட்டும் சுழற்றி, ஏர் ஸ்க்ரூ துளை வழியே செலுத்த வேண்டும். பிறகு ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்று வெளியே வைத்து அங்கிருந்து தொடங்குங்கள். கார்புரேட்டரை இன்ஜினோடு பிடிக்கும் ஃப்ளாஞ்ச் நட்டுகளை அதிகம் இறுக்கினால் பாடி வளைந்து ஸ்லைடு சிக்கும், காற்றும் இழுக்கும். நேரான ஸ்டீல் ஸ்கேலை ஃப்ளாஞ்ச்சின் முகத்தில் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். வளைந்திருந்தால் கண்ணாடித் தகட்டில் எமரி தாளை விரித்துத் தேய்த்துச் சமப்படுத்தலாம்.

இரட்டைக் கார்புரேட்டரில் ஒவ்வொரு பக்கத்தையும் தனியாகச் சரிசெய்யும்போது மறுபக்க பிளக் ஒயரைச் சும்மா தொங்கவிடாதீர்கள். ஸ்பார்க்குக்குப் போக வழியில்லாமல் காயில் எரியும். பழைய பிளக் ஒன்றை மாட்டி சிலிண்டர் ஹெட்டில் படும்படி வைத்துவிட்டு வேலையைத் தொடருங்கள்.