பேடன்ட் பார் எழுதுபவர்களே, 2112-ஐ விட்டுவிட்டுப் போகாதீர்கள்

அமெரிக்க பேடன்ட் பார் தேர்வு (பேடன்ட் அலுவலகத்தில் பிறருக்காக விண்ணப்பம் நடத்த உரிமை தரும் தேர்வு) பாஸ்! முடித்ததும் திரையிலேயே சொல்லிவிடுகிறார்கள், அதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. கேள்விகளை வெளியே சொல்லக் கூடாது, அதனால் படித்த விதத்தை மட்டும் எழுதுகிறேன். பேடன்ட் அலுவலகத்தின் கையேடான MPEP-யின் 2100-வது அத்தியாயத்தில் எல்லாரும் 102 (புதுமை), 103 (எளிதில் தோன்றாமை) என்று ஓடிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் 2112-வது பிரிவுக்கு, அதாவது இன்ஹெரென்சிக்கு (எழுதாவிட்டாலும் உள்ளடங்கியிருப்பது), ஒரு முழு நாள் கொடுங்கள்.

நம் விண்ணப்பத்தை மறுக்க, பழைய ஆவணத்தில் எழுதாத ஒரு குணமும் அதில் சொன்ன பொருளில் இருக்கத்தான் செய்யும் என்று எக்ஸாமினர் (விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அதிகாரி) சொல்கிறார். நிரூபிக்க வேண்டியது யார்? இதை மனதில் வைத்துத் தீர்ப்புகளைக் கதையாகப் படியுங்கள், பெயரை மட்டும் உருப்போட்டால் தேர்வில் குழம்பும்.

ராபர்ட்சன், 1999. டயாப்பர் வழக்கு. இடுப்பில் மாட்ட இரண்டு பிடிப்பான்கள், கழற்றியதைச் சுருட்டிக் கட்டத் தனியாக மூன்றாவது என்பது கிளெய்ம் (பேடன்ட் கேட்கும் உரிமை). பழைய பேடன்டில் அந்த மூன்றாவது இல்லை. இருப்பதை வைத்தே சுருட்டிக் கட்டலாமே என்றது பேடன்ட் அலுவலகத்தின் அப்பீல் போர்டு. பேடன்ட் அப்பீல்களை விசாரிக்கும் நீதிமன்றமான ஃபெடரல் சர்க்யூட் ஒத்துக்கொள்ளவில்லை: நடக்க வாய்ப்புண்டு என்பது போதாது, அந்த அம்சம் அதில் கட்டாயம் இருந்தே ஆக வேண்டும்.

பெஸ்ட், 1977. இங்கே காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிறது. பழைய பொருளும் நம்முடையதும் ஒன்றுதான் என்று நினைக்க எக்ஸாமினர் நியாயமான காரணம் காட்டிவிட்டால், இல்லை என்று காட்டும் பொறுப்பு நம்முடையது. பேடன்ட் அலுவலகத்தால் பொருளைத் தயாரித்து ஒப்பிட்டுப் பார்க்க முடியாதே!

ஷெரிங், 2003. லோராடடின் என்ற அலர்ஜி மாத்திரை உடம்புக்குள் மாறி உண்டாகும் பொருளுக்குக் கிளெய்ம். பழைய பேடன்டில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை, ஆனாலும் மாத்திரையை விழுங்கினால் அது உண்டாகியே தீரும் என்பதால் கிளெய்ம் விழுந்தது. அன்று யாருக்காவது தெரிந்திருந்ததா என்பது பொருட்டே இல்லை. எனக்கு ரொம்பப் பிடித்த தீர்ப்பு இது.

அப்பீல் கேள்வி என்றால்:
- எக்ஸாமினர் "ஆகலாம்" என்பதோடு நின்றாரா? ராபர்ட்சன்.
- பொருள் அச்சாக ஒன்றா? பெஸ்ட். வக்கீல் வாதம் ஆதாரம் ஆகாது, ஒப்பீட்டுச் சோதனை வேண்டும்.
- அந்தச் சோதனையை ரூல் 132 டிக்ளரேஷனாக (உறுதிமொழியுடன் தரும் சாட்சி அறிக்கை) ஃபைனல் ரிஜெக்‌ஷனுக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். அப்பீல் தாக்கல் செய்தபின் புது ஆதாரம் நுழைவது கஷ்டம், பிரீஃப் (அப்பீல் வாதங்களை எழுதித் தருவது) போன பிறகு அநேகமாக முடியாது. அப்பீல் பற்றிய 1200-வது அத்தியாயத்தில் 41.33 விதியை இதோடு சேர்த்தே படியுங்கள், தனியாகப் படித்தால் மண்டையில் நிற்காது.