நீலப் பாட்டிலும் ஸ்டோர் அண்ணனும்: துவாஸ் லேப் டெஸ்ட்

சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு லேப்பில் டெக்னீஷியன் வேலைக்கு எழுதிப்போட்டிருந்தேன். இன்டர்வியூ சுலபமாக முடிந்தது. அப்புறம் செய்முறைத் தேர்வு: மூன்று கரைசல் தயாரித்து, செறிவைக் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். வேலை கிடைத்துவிட்டது, ஆனால் கடுப்பு இன்னும் தீரவில்லை.

ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தொல்லையில்லை. லேபிளில் இருக்கும் 37 சதவீதம் எடைக்கணக்கு, அடர்த்தி 1.18-ஐயும் சேர்த்தால் 12 மோலார், அதாவது லிட்டருக்கு 12 மோல், வரும். அடர்த்தியை விட்டவர்களுக்கு 10 சொச்சம்தான் வரும், பலர் கோட்டை விடுவது அங்கேதான்.

வில்லங்கம் காப்பர் சல்ஃபேட்டில். 250 மி.லி., 0.1 மோலார். தேர்வுக்குக் கொடுத்த ஷீட்டில் மோலார் நிறை 159.6 என்று அச்சடித்திருந்தார்கள். அது நீரற்ற உப்புக்கு. ஸ்டோரில் நீட்டிய பாட்டிலிலோ பளபளவென்று நீலப் படிகம்! நீரற்றது வெள்ளையாக இருக்கும். இது ஐந்து நீர் மூலக்கூறோடு இருப்பது, 249.7. ஷீட்டை நம்பி 3.99 கிராம் போட்டால் 0.064 மோலார்தான் தேறும். போட வேண்டியது 6.24.

"அண்ணே, ஷீட்டும் பாட்டிலும் ஒத்துப்போகலையே?"

ஸ்டோர் அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஷீட்ல உள்ளபடி செய்யுங்க தம்பி. எல்லாரும் அப்படித்தான் செஞ்சாங்க."

எல்லாருமா! ஷீட் ஓரத்தில் 249.7 என்று பெரிதாக எழுதி, கணக்கையும் காட்டி, 6.24 கிராமே நிறுத்தேன்.

அடுத்து சோடியம் ஹைட்ராக்சைடு. மூடியை யாரோ சரியாகத் திருகவில்லை. சிங்கப்பூர் ஈரத்துக்குக் கேட்கவா வேண்டும், வில்லைகள் எல்லாம் ஒட்டிக் கட்டியாகிக் கிடந்தன. தராசில் வைத்தால் கடைசி இலக்கம் ஏறிக்கொண்டே போகிறது. 4 கிராமை ஒரு லிட்டரில் கரைத்துவிட்டு 0.1 மோலார் என்று லேபிள் ஒட்டினால் அது பொய். கேஎச்பி (பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட், அளவு சரிபார்க்க உதவும் தூய உப்பு) வைத்து டைட்ரேட் செய்தால்தான், அதாவது எவ்வளவு கரைசல் பிடிக்கிறது என்று சொட்டுச் சொட்டாகச் சேர்த்துப் பார்த்தால்தான், உண்மையான செறிவு தெரியும். கேட்டால், கேஎச்பி தீர்ந்துவிட்டதாம். "அடுத்த வாரம் வாங்க." வடகிழக்கே செங்காங்கிலிருந்து மேற்குக் கோடி துவாஸ் லிங்க் வரை வந்தவனிடம் இவ்வளவு லேசாகச் சொல்கிறார்!

மறுபடி போனேன். கரைசல் உண்மையிலேயே 0.1 மோலார் என்றால் 0.5106 கிராம் கேஎச்பிக்குச் சரியாக 25 மி.லி. பிடிக்க வேண்டும், எனக்கு 26.60-இல்தான் பினாப்தலீன் நிறங்காட்டியின் இளஞ்சிவப்பு நின்றது. அதாவது 0.094 மோலார். மேற்பார்வையாளர் அம்மா அந்த எண்ணைப் பார்த்துத் தலையாட்டினார். முந்தைய வாரத்து ஷீட்டைப் புரட்டியவர், ஓரத்தில் இருந்த 249.7-ஐப் பார்த்ததும் ஸ்டோருக்குப் போன் போட்டார். என்ன பேசினார் என்று எழுதமாட்டேன். எனக்கு வயிறு குளிர்ந்தது.

இப்படி டெஸ்ட்டுக்குப் போகிறவர்கள் முந்தின நாளே கூப்பிட்டு, கேஎச்பி இருக்கிறதா, உலர்த்தி டெசிகேட்டரில் (ஈரம் ஏறாமல் காக்கும் மூடிய ஜாடி) வைத்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் 110 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம், பிறகு ஆறும்வரை, கேன்டீனில் உட்கார வேண்டியதுதான். அங்கே கோப்பியும் சுமார்.