கடைக்காலில் வந்த தாழி

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லைக்கு இந்தப் பக்கம், எங்களுக்கு எட்டு சென்ட் இடம் இருக்கிறது. தை மாதம் பூஜை போட்டுக் கடைக்கால் எடுக்க ஆரம்பித்தோம். இரண்டாம் நாள் காலை ஜேசிபி வாளி எதிலோ 'டொக்' என்று தட்டியது. பாறை என்று நினைத்து ஓட்டுநர் இன்னொரு இழுப்பு இழுத்தார். பெயர்ந்து வந்தது ஒரு பலகைக் கல். அதற்கடியில் வட்டமாக, ஒரு முழத்துக்கு மேல் அகலமாக, பானையின் வாய்.

மேஸ்திரி என்னைத் தனியாகக் கூட்டிப்போனார். "ஏனுங்க, மண்ணத் தள்ளி மூடிரலாமுங்க. வெளிய தெரிஞ்சா இடம் போயிரும்." பக்கத்து வீட்டு அண்ணன் இன்னும் ஒரு படி மேலே போய், நூறு மீட்டருக்கு ஒரு செங்கல் வைக்க விடமாட்டார்கள் என்றார். உள்ளதைச் சொன்னால், நானும் மூடிவிடத்தான் நினைத்தேன். அம்மாவைப் பெற்ற அம்முச்சிதான் விடவில்லை. "அது பாண்டுகுழி கண்ணு. ஆளப் பொதச்ச பானை. அதும்மேல அடுப்பு வெச்சுப் பொங்குவியா?"

பெயர் அம்முச்சி கட்டியது இல்லை. மலபாரில் இதே மாதிரிக் குழிகளைத் திறந்து பார்த்த பாபிங்டன் என்ற ஆங்கிலேயர் 1823-ல் வெளியிட்ட கட்டுரையிலும் பாண்டுகுழி என்றுதான் எழுதியிருக்கிறார். ஆளைப் புதைத்த இந்த முதுமக்கள் தாழிக்கு மலையாளத்தில் நன்னங்காடி என்று பெயர்.

அந்த நூறு மீட்டர் கதையை அன்று இரவே தேடிப் படித்தேன். அது பாலக்காடு கோட்டை போல மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களுக்கானது. அவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதுக் கட்டடம் கூடாது. அதைத் தாண்டி 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். நம் தோட்டத்தில் ஒரு தாழி வந்தால் அதுவே பாதுகாக்கப்பட்ட சின்னம் ஆகிவிடாது. ஆனால் தெரிவிக்காமல் இருக்க முடியாது. கேரளத்துக்கு 1968-லேயே தனியாகப் புதையல் சட்டம் இருக்கிறது.

மறுநாள் வில்லேஜ் ஆபீஸில் மனு கொடுத்தேன், தமிழில். கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினருக்கு அந்த உரிமையைத் தருகிறது. அவர்கள் வந்து பார்த்து, பார்த்ததை மகஜர் என்ற அறிக்கையாக எழுதி, மேலே அனுப்பினார்கள். அப்புறம் காத்திருப்புதான். ஓர் அலுவலகத்தில் என் தாள் ஒன்பது நாள் நகரவே இல்லை. நேரில் போய் நின்ற பிறகுதான் நகர்ந்தது. கூலியாட்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். தார்ப்பாய் போட்டு மூடி, சுற்றிலும் முள் வெட்டிப் போட்டேன். பானைக்குள் தங்கம் என்று ஊரில் பேச்சுக் கிளம்பி, ஒரு ராத்திரி டார்ச் வெளிச்சம் தோட்டத்துக்குள் வந்தது. நாய் குரைத்ததும் ஓடிவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் கயிற்றுக் கட்டிலை அங்கேயே போட்டுக்கொண்டேன்.

இருபத்து மூன்றாம் நாள் தொல்லியல் துறையிலிருந்து நாலு பேர் வந்தார்கள். நேராகத் தாழியில் கை வைப்பார்கள் என்று பார்த்தால், முதல் நாள் முழுக்க இடத்தை நடந்து அளந்து, மேலே கிடந்த பானை ஓடுகளைப் பொறுக்கி, எந்த ஓடு எங்கே கிடைத்தது என்று குறித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டு வரைபடத்தை வாங்கிப் பார்த்து, செப்டிக் டேங்க் வரவேண்டிய மூலையில் ஒரு சோதனைக் குழியும் போட்டார்கள். அங்கே இன்னொரு தாழியின் தோள் தெரிந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. "டேங்கை மேற்குப் பக்கம் மாற்றிக்கொள்ளுங்கள், இது இப்படியே இருக்கட்டும்" என்று சொல்லி, மணல் போட்டு மூடிவிட்டார்கள். அவ்வளவுதான்.

முதல் தாழியை மட்டும் திறந்தார்கள். கழுத்தைச் சுற்றிக் கயிறு கட்டியது போல ஒரு வரி. அதில் குயவர் விரலால் அமுக்கிய பள்ளங்கள். என் விரலை வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை, சின்ன விரல். உள்ளே மூங்கில் குச்சியாலும் பிரஷ்ஷாலும் விரல் விரலாக இறங்கினார்கள். வெளியே சிவப்பும் உள்ளே கறுப்புமாக மூன்று கிண்ணங்கள் வந்தன. சூளையில் கவிழ்த்து வைத்துச் சுட்டதால் காற்றுப் படாத உட்பக்கம் கறுத்திருக்கிறது என்று வந்தவர்களில் ஒரு பெண் அதிகாரி விளக்கினார். துருவேறி ஊதிப்போன இரண்டு இரும்புத் துண்டுகள். சலித்த மண்ணில் மிளகு அளவில் ஒரு சிவப்பு மணி. தங்கம் இல்லை. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் அன்றைக்கே பாதியாகிவிட்டது.

ஐந்து நாளில் வேலை முடிந்தது. எடுத்த பொருள்களின் பட்டியலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு நகல் கொடுத்தார்கள். பஞ்சாயத்தில் டேங்க் இடம் மாறிய வரைபடத்தைத் திரும்பக் கொடுக்க வேண்டியிருந்தது. அது சின்ன வேலைதான். எட்டு சென்ட்டும் என் பெயரில் அப்படியே இருக்கிறது. போனது ஜேசிபி வாடகையும் ஒரு மாதமும்.

போன மாதம் நாலு வீடு தள்ளி ஒருவர் கடைக்கால் எடுத்தார். ராத்திரியே ஜேசிபி வைத்து முடித்துவிட்டார். காலையில் பால் வாங்கப் போனபோது, தெருவோரம் கொட்டியிருந்த மண்ணில் ஓடுகள் கிடந்தன, வெளியே சிவப்பு, உள்ளே கறுப்பு.